ஜப்பான் ஜின்னும் சேனைத் தண்ணீரும்

கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே படுத்திருக்கிற எங்கள் ஐஸ் பேக்டரித் தெருவுக்கு ஜப்பான்காரன் பச்சைத் தேயிலை போட்டு வடித்த ஜின் பாட்டில் ஒன்று வந்து சேர்ந்த ஆடி மாதத்தில், என் மகளுக்குப் பெயரும் இல்லை, குணமும் இல்லை. பெயர் ஞானஸ்நானத்தில் வந்துவிடும், அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. குணம்தான் பிரச்சினை.

எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் முதலாகச் சீனித் தண்ணீரைத் தொட்டு வைப்பதற்குச் சேனை என்று பெயர், தொட்டு வைத்தவரின் குணம் எதுவோ அதுவே பிள்ளைக்கும் என்பது கடல் கரிக்கும் என்பதைப் போல எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, அதனால்தான் பிரசவ வார்டு வாசலில் சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு நிற்பார்கள். என் மகளோ எட்டாம் மாதமே அவசரப்பட்டு வந்து கண்ணாடிப் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். ஆறு மாதத்துக்குத் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு உள்ளே போனாலும் என் முகத்தில் விழிக்காதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

“சரி, ஞானஸ்நானத்தன்னைக்கு வச்சுக்கிடுவோம்” என்றார் டெல்மா மைனி. என் கணவர் கிளாட்வினின் அக்கா, மூன்று விசைப்படகுக்கு முதலாளி, எங்கள் வீட்டில் காற்று எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்வார். “அதுவரைக்கும் பிள்ளைக்குக் குணம்னு ஒண்ணு கெடயாது பாத்துக்க. அழுதாப் பசிக்கு அழுதா, அவ்வளவுதான்.”

“தாய்ப்பால் குடிக்குதே மைனி, என் குணம் வந்துராதா?” என்று கேட்டேன்.

“அது கணக்குல வராதுளா. அது அவ சொந்தச் சொத்து.”

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஏனென்றால் என் குணத்தை என் மகளுக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை. கேஸ் அடுப்பை மூடிவிட்டு மூன்று தரம் வந்து பார்ப்பவள் நான், ஃபோன் மணி அடித்தால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று எடுக்கக் கை நடுங்குபவள், கான்வென்ட்டில் கெமிஸ்ட்ரி பிராக்டிகல் பரீட்சையன்று பியூரெட் என்ற அளவுக் குழாயைத் தொடவே பயந்து, பாடம் எடுத்த சிஸ்டர் பிலிப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே அமிலம் இறக்கியவள், பிள்ளை பிறந்த பிறகோ தூங்குகிற அதன் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துப் பார்த்தே என் ஆள்காட்டி விரல் மற்ற விரல்களைவிடச் சூடாகிப்போனது. இந்தப் பயம் என்னோடு முடிந்து போகட்டும், இவளுக்கு யாராவது ஒரு துணிச்சல்காரர் சேனை வைக்கட்டும், மாதாவே, நான் கேட்பது இது ஒன்றுதான்.

பாட்டிலுக்கு வருகிறேன். கிளாட்வின் ஒரு பயணிகள் கப்பலில் பார் வேலை பார்க்கிறார். பிள்ளை கண்ணாடிப் பெட்டியை விட்டு வீட்டுக்கு வந்த சந்தோஷத்துக்கு, ஊருக்கு லீவில் வந்த கூட்டாளியிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். வெள்ளைப் பாட்டில், உள்ளே வெளிறின பச்சை, மேலே கொக்கு ஒன்று ஒற்றைக் காலில் நின்றது. பிள்ளை பார்க்க வந்த சொந்தமெல்லாம் பிள்ளையைப் பார்த்துவிட்டு அதைப் பார்க்க ஆரம்பித்ததும் மைனி சொன்னார்: “இங்கிலீசு படிச்சவ நீதான. பிரிச்சுக் கலக்கு.”

நான் பாட்டிலுக்குச் சிலுவை போட்டுவிட்டுத் திறந்தேன். வாசனை வந்ததும், ஏலக்கூடத்தில் மீன் ஏலம் கூவுகிற கஸ்பார் அண்ணன் மூக்கை நீட்டி, “இது கடப்பாசியில்லா!” என்றார். முகர்ந்து பார்த்தால் அப்படித்தான் இருந்தது, மழை பெய்த புல்லும் பாறையில் ஒட்டின பாசியும் சேர்ந்த வாசம், அதற்கு அடியில் எங்கோ ஊசியிலை மரத்தின் கசப்பு, அத்தனை தூரம் கடல் தாண்டி வந்தும் அது எங்கள் கடலைப் போலவே மணத்ததால் அன்னியச் சரக்கு என்ற சந்தேகம் யாருக்கும் வரவில்லை.

கப்பலிலிருந்து கிளாட்வின் ஃபோனில் வழி சொன்னார். “முப்பது மில்லி ஜின்னு. அதுல பாதி எலுமிச்சை, அதே அளவு சீனிப்பாகு. ஐஸ் போட்டு நல்லாக் குலுக்கி வடிகட்டி, மேல சோடா.”

“அளக்குறதுக்கு என்ன இருக்கு நம்ம வீட்டுல?”

“மில்லி கோடு போட்டது ஏதாவது பாரு.”

எங்கள் வீட்டில் மில்லி கோடு போட்ட சாமான் ஒன்றே ஒன்றுதான், பிள்ளைக்கு வாங்கிவிட்டு டாக்டரம்மா திட்டியதால் தொடாமல் வைத்திருந்த பால் புட்டி. கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தேன், சிஸ்டர் பிலிப்பா சொல்லிக்கொடுத்தபடி கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து, திரவத்தின் மேல்விளிம்பைப் பார்க்காமல் கீழ்வளைவைப் பார்த்து, முப்பதில் நிறுத்தினேன். சீனிக்குப் பதில் மைனி கருப்பட்டிப் பாகு காய்ச்சி வைத்திருந்தார், ஐஸ் எதிரே இருக்கிற பேக்டரியிலிருந்து வந்தது. புட்டியின் காம்பைக் கழற்றி, எல்லாவற்றையும் உள்ளே போட்டு, மூடியைத் திருகி, என் பயத்தையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு குலுக்கினேன். நடுங்குகிற கைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில் இல்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மைனி டம்ளர் விளிம்பில் எலுமிச்சையைத் தேய்த்து உப்பளத்துக் கல்லுப்பை இடித்து ஒட்டினார்.

“தங்கச்சி, ஐஸ்ல வஞ்சிரம் வாசம் அடிக்கு” என்றார் கஸ்பார் அண்ணன்.

“அப்ப தொட்டுக்க ஒண்ணும் வேண்டாம்லா, குடிங்க” என்றார் மைனி.

குடித்தார்கள். கருப்பட்டியின் புகையும் தேயிலையின் பச்சையும் உப்பும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு போகிறது என்று சொன்னார்கள். நான் பால் கொடுக்கிறவள், குடிக்கவில்லை. புளிப்புச் சரியாக இருக்கிறதா என்று சுண்டுவிரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்ததோடு சரி.

மறுநாள் காலை மைனி தலை சீவும்போது சீப்பு எதிலோ தட்டியது. உச்சி வகிட்டில், இளம்பச்சையில், ஒரு மொட்டும் மூன்று இலையுமாகத் தேயிலைக் கொழுந்து முளைத்து நின்றது. மைனி கண்ணாடியில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“பேன் இல்லைலா, பரவால்ல” என்று சொல்லிவிட்டு ஏலக்கூடத்துக்குக் கிளம்பிப் போனார். அங்கே கஸ்பார் அண்ணன் தலையிலும் ஒன்று நின்று, அவர் விலை கூவக் கூவ ஆடிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு பாட்டிலைத்தான் நாங்கள் ஆவணி முழுக்க ஆளுக்கு ஒரு மூடியாகக் குடித்தோம், அதாவது அவர்கள் குடித்தார்கள், நான் கலக்கினேன். நுங்கை மசித்துப் போட்டு ஒரு வகை, மாங்காய் இஞ்சியைத் தட்டிப் போட்டு ஒரு வகை, பதநீரில் ஊற்றி ஏலக்காய் தூவி ஒரு வகை. தெருவில் அதற்கு ஜப்பான் பானகம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாட்டில் தீர்ந்தது, கொழுந்து தீரவில்லை. கிள்ளினால் இரண்டு நாளில் திரும்ப முளைத்தது. முதல் வாரம் எல்லோரும் ஒருவர் தலையை ஒருவர் பார்த்தார்கள், இரண்டாம் வாரம் சலூன்காரர் கொழுந்துக்குச் சேதமில்லாமல் முடிவெட்டப் பழகிக்கொண்டார், மூன்றாம் வாரம் மீன் கழுவுகிற பெண்கள் பேன் பார்ப்பதைப் போல வரிசையாக உட்கார்ந்து ஒருத்தி தலையில் ஒருத்தி கொழுந்து பறித்தார்கள், அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசுவதற்கு யாருக்கும் நேரமில்லை, ஐப்பசி மழைக்கு முன்னால் வலை காய வேண்டியிருந்தது. மூன்று இலையாக முளைத்தது மாதா புண்ணியம், ஒன்று குறைந்திருந்தால் தேர்தல் கமிஷனுக்குப் பதில் சொல்லியே தெரு கலைந்திருக்கும்.

சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. குடித்தவர் யார், குடிக்காதவர் யார் என்பது கடற்கரையிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. பங்குச்சாமி ஃபாதர் இஞ்ஞாசி ஞாயிறு பூசையில் தலை குனிந்து ஜெபிக்கும்போது உச்சிக் கொழுந்து சபையை நோக்கி நீண்டது. “சளிக்கு ஒரு மூடி” என்று அவராகவே பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். மதுவிலக்குச் சங்கச் செயலாளர் மச்சாடோ சார் மட்டும் வீட்டுக்குள்ளும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு திரிந்தார்.

“வெயில் ஜாஸ்தி, பாருங்க” என்பார்.

“ஆமா சார், உங்க ஹெல்மெட்டுக்குள்ள மட்டும் மலைப்பிரதேசம்” என்பார் மைனி.

பறித்த கொழுந்தைக் கருவாட்டுப் பாயில் காயவைத்துத் தேநீர் போட்டுப் பார்க்க முதலில் தோன்றியதும் மைனிக்குத்தான். போட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அந்தந்தத் தலையின் குணம் அந்தந்த இலையில் இறங்கியிருந்தது. ஃபாதர் இலை லேசான இனிப்பு, இரண்டாவது மடக்கில் கண் சொக்கும், அவர் பிரசங்கம் கேட்டவர்கள் ஆச்சரியப்படவில்லை. கஸ்பார் அண்ணன் இலையில் ஒவ்வொரு மடக்குக்கும் ருசி ஏறிக்கொண்டே போய் கடைசியில் கட்டுப்படியாகாது. ஐஸ் பேக்டரி மேனேஜர் இலையை எத்தனை நேரம் கொதிக்கவைத்தாலும் ஒன்றும் இறங்காது, அவர் வீட்டுக்குக் காணிக்கை கேட்டுப் போனவர்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். மச்சாடோ சார் இலையை யாரோ ஹெல்மெட் கழற்றின நேரம் பார்த்துக் கிள்ளிவந்து போட்டார்கள். யாரும் எதிர்பார்க்கவில்லை, அது தெருவிலேயே வாசனையான தேநீர், குடித்தவர்கள் அவர் மனைவியைப் புதிய மரியாதையோடு பார்த்தார்கள். மைனி இலையோ டம்ளரில் ஸ்பூன் நட்டுக்கொண்டு நிற்கும் அளவுக்குத் திடம். குடித்தால் காது சூடாகும், யாரோடாவது சண்டை போடலாம் போலிருக்கும்.

மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளை இலையில் ஒரு டம்ளர் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். அந்தப் பழக்கம் பிடித்த பிறகு, கார்த்திகை வாக்கில், தெருவுக்கே ஒரே யோசனை தோன்றியது. ஞானஸ்நானத்துக்குக் காத்திருக்கிற என் மகளுக்குச் சீனித் தண்ணீர் எதற்கு? விரலைத் தொட்டு வைத்துக் குணத்தை இறக்குவதைவிட, குணத்தையே காய்ச்சி வைத்தால் என்ன?

அன்றிலிருந்து எங்கள் வாசலில் பொட்டலம் வர ஆரம்பித்தது. “தங்கச்சி, நம்ம இலைய வையி, பிள்ளை ஒரு இடத்துல ஏமாறாது” என்றார் கஸ்பார் அண்ணன். மச்சாடோ சார் ஹெல்மெட்டோடு வந்து, தன் இலை என்று சொல்லாமல், ‘ஒரு நல்ல குடும்பத்து இலை’ என்று கொடுத்துவிட்டுப் போனார். ஃபாதர்கூட, “பிள்ளை ராத்திரி நல்லாத் தூங்கும் பெனிட்டா” என்று ஜாடையாகச் சொன்னார். மைனி எல்லாப் பொட்டலத்தையும் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுத் தன் தலையைத் தட்டிக் காட்டினார்.

“அத்தை நான் இருக்கயில வேற எவன் இலை ஏறும் பிள்ளை வாயில? என்னளா சொல்லுத?”

நான் சந்தோஷமாகச் சரி என்றேன். சும்மா பயத்தில் சொன்ன சரி இல்லை, மனசிலிருந்து வந்தது. புயலில் படகு திரும்பாத அன்று கலெக்டர் ஜீப்பை மறித்து அதன் பானெட்டில் ஏறி உட்கார்ந்தவர் மைனி. என் மகள் அப்படி இருக்க வேண்டும். ஏதாவது ஒரு ஜீப்பின் முன்னால் என் மகள் நகராமல் நிற்பதைக் கண்ணை மூடினால் நான் பார்த்தேன். பார்த்ததும் அந்த ஜீப்புக்குப் பிரேக் பிடிக்குமா என்று பயமாகவும் இருந்தது, அது என் வியாதி, அதை விடுங்கள்.

என் தலையில் மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை. “நக்கினதுக்கெல்லாம் முளைக்காதுளா” என்றார் மைனி.

ஞானஸ்நானம் டிசம்பர் கடைசி ஞாயிறு. காலையில் தலைக்குக் குளித்துவிட்டுச் சிக்கெடுத்தபோது விரலில் மெத்தென்று பட்டது. கண்ணாடி பார்த்தேன். உச்சியில் நேராக நிற்கத் துணியாமல், காதுக்குப் பின்னால் முடியோடு முடியாக ஒளிந்துகொண்டு, வெள்ளையும் பச்சையுமாக ஒரு குட்டிக் கொழுந்து. வெளியே வரலாமா வேண்டாமா என்று ஐந்து மாதம் யோசித்திருக்கிறது. என் தலையில் முளைப்பது வேறு எப்படி இருக்கும்? கிள்ளிப்போடவும் பயமாக இருந்தது, ஏதாவது ஆகிவிட்டால்? முந்தானையை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு பிள்ளையைத் தூக்கினேன்.

கோவிலில் தெரு முழுக்க இருந்தது, தலைக்குத் தலை பச்சை. மைனி ஒரு கையில் வெள்ளிக் கிண்ணமும் மறு கையில் ஃபிளாஸ்க்குமாக நின்றார். ஃபிளாஸ்க்கில் வெறும் வெந்நீர். தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்த அந்த நிமிஷமே தலையிலிருந்து கிள்ளி, கிண்ணத்தில் போட்டு, சூடாக ஊற்றி, ஆற்றி, பிள்ளை நாக்கில் தொட்டு வைத்துவிட வேண்டும் என்பது திட்டம், பழைய இலைக்கு வீரியம் குறைவாம். கப்பலிலிருந்து கிளாட்வின் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார், ஃபோனை கஸ்பார் அண்ணன் உயர்த்திப் பிடித்திருந்தார்.

ஃபாதர் சைத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று கேட்டார், எல்லோரும் விட்டுவிடுகிறோம் என்றோம். நான் பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டிப் பக்கம் சாய்த்தேன். சாய்த்தபோது முக்காடு நழுவியது, மகள் கையை நீட்டி என் காதுக்குப் பின்னால் எதையோ கெட்டியாகப் பிடித்தாள். சுருக்கென்றது. அடுத்த நொடி அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது.

“ஏட்டி! என்னத்தத் தின்னுது பிள்ளை?” என்றார் மைனி.

நான் விரலை விட்டுத் துழாவினேன். இரண்டு ஈறும் என் விரலும்தான் இருந்தன. விழுங்கிவிட்டாள். மைனி என் காதுப்பக்கம் குனிந்து, கிள்ளின காம்பைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“போச்சு” என்றார். “எல்லாம் போச்சு. ஆத்தாக்காரி இலைய ஆஞ்சு தின்னுட்டா!”

போச்சு, போச்சு என்று பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் வரைக்கும் போனது. பயந்தாங்கொள்ளி குணம், பச்சையாகவே உள்ளே போய்விட்டது, காய்ச்சக்கூட இல்லை. “இனி பல்லியப் பாத்தாலும் அழும்” என்றது ஒரு குரல். “பாவம் கிளாட்வினு” என்றது இன்னொன்று. ஃபோனுக்குள்ளிருந்து கிளாட்வின், “என்ன ஆச்சு? யாராவது சொல்லுங்களேன்” என்று கத்திக்கொண்டிருந்தார். ஆறு மாதமாக எது நடக்கக் கூடாது என்று ஜெபித்தேனோ அது என் கையிலேயே நடந்துவிட்டது. மகள் என்னைப் பார்த்தாள், அந்த ருசி எப்படியிருந்ததோ, ஒரு பக்கமாக வாயைக் கோணினாள், அவ்வளவுதான்.

“ஆகட்டும், ஆகட்டும், மீதியை முடிப்போம்” என்று ஃபாதர் தலையில் ஊற்றுகிற சிப்பியால் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டார்.

மகள் அந்தச் சிப்பியைப் பார்த்தாள். இதுவரை எதையும் அப்படிப் பார்த்ததில்லை, மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக, சந்தேகப்பட்டுப் பார்த்தாள். பிறகு ஃபாதரின் அங்கியைப் பிடித்துக்கொண்டு, ஐஸ் பேக்டரிச் சங்கு தோற்கும்படி, ஒரு கத்துக் கத்தினாள்.

“பாத்தீங்களா, ஆரம்பிச்சிட்டு” என்றார் மச்சாடோ சார் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தக் கத்தல் எனக்குத் தெரிந்த கத்தல், நான் வாழ்நாள் முழுக்க உள்ளுக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தது, முதல் தடவையாக வெளியே கேட்கிறது. யாருக்கும் கேட்காமல் போன விஷயத்தை அவள் உரக்கச் சொல்கிறாள் என்று தோன்றியது. விரலைச் சிப்பியில் விட்டுப் பார்த்தேன். பளிங்குத் தொட்டியில் ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த தண்ணீர், நகக்கண்ணில் ஊசி ஏறின மாதிரி இருந்தது. எட்டு மாதத்தில் பிறந்த பிள்ளை, மார்ச்சளி விட்டே பத்து நாள் ஆகவில்லை.

“ஃபாதர், நிறுத்துங்க” என்றேன்.

பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் என் பக்கம் திரும்பின. நான் பேசி அவர்கள் யாரும் கேட்டதில்லை, இந்தச் சத்தத்தில் நானே கேட்டதில்லை.

“தண்ணி ஜில்லுனு இருக்கு. இதப் பிள்ளை தலையில ஊத்த மாட்டேன். சூடு பண்ணிக் கொண்டாங்க.”

“பெனிட்டா, ஒரு நிமிஷந்தானம்மா... மூணு கை தண்ணிதான்...”

“மூணு கையும் சூடா இருக்கட்டும் ஃபாதர்.”

ஃபாதரின் உச்சிக் கொழுந்து என்னை நோக்கிக் குனிந்தது. அவர் சிப்பியை இறக்கினார். பக்கத்தில் வெந்நீருக்கு எங்கே போவது என்று அவர் சுற்றும் முற்றும் பார்த்தபோது, தெரு முழுக்கப் பார்த்த இடம் ஒன்றுதான், மைனியின் கையிலிருந்த ஃபிளாஸ்க்.

மைனி அதை மார்போடு அணைத்துக்கொண்டார். “இது எதுக்குன்னு தெரியும்லா? ஊத்திட்டா எதுல காய்ச்ச? இன்னும் ஒரு தொடு வச்சா ஒருவேளை எறங்கும்ளா, என் குணமும் கொஞ்சம் கலந்து...”

“ஊத்துங்க மைனி.”

என் குரல் நடுங்கியது. நடுங்கினாலும் அது வாய்க்குள் திரும்பிப் போகவில்லை. மகள் கத்துவதை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மைனி என்னை ஏற இறங்கப் பார்த்தார், கலெக்டர் ஜீப்பைப் பார்த்திருப்பாரே, அப்படி. பிறகு ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகினார், ஆவி எழும்பி அவர் கொழுந்தை நனைத்தது.

தொட்டியில் கொஞ்சம் ஊற்றினார். நான் முழங்கையை விட்டுப் பார்த்தேன். கஸ்பார் அண்ணன் ஒரு விரலை விட்டுப் பார்த்தார், ஃபாதர் பார்த்தார், மச்சாடோ சார் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். அவர் தலையில் கொழுந்தில்லை, செடியே நின்றது, யாரும் கவனிக்கவில்லை.

“போதுமா?” என்றார் மைனி.

“இன்னுங் கொஞ்சம்” என்றேன்.

மைனி ஊற்றினார்.